எழ மறுத்த சர்வர்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

"சர்வர்" என்னும் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? எங்கள் பாட்டிக்கு 1964-இல் நாகேஷ் நடித்து வெளிவந்த "சர்வர் சுந்தரம்" திரைப்படம் நினைவுக்கு வரும். எங்கள் தாத்தாவுக்கோ தம் வாழ்க்கையே நினைவுக்கு வரும். ஏனெனில் அவர் 22 ஆண்டுகள் ஓர் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தவர். எனக்கு மட்டும் இவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தின் சில நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அந்த நாட்களில் நான் கற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அதை என் அன்புத் தோழியருடனும், மதிப்பிற்குரிய சகோதரிகளுடனும், பெற்றோர்களுடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் என் குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை மறைக்காமல் எழுதும்படி எங்கள் நூலகச் சிஸ்டரே சொன்னார்கள்.

எங்கள் பள்ளி நூலகத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சிற்றாலயத்திற்குப் பின்புறம், வேப்பமரத்தடியில் இருக்கும் ஓட்டுக் கட்டடம் அது. அதன் ஒவ்வொரு நூலையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்கள் எங்கள் நூலகச் சிஸ்டர். 31 ஆண்டுகளாக அவர்கள் கையாலேயே எழுதிய நூற்பதிவேடுகள் மூன்று உள்ளன. புதிய நூல் வந்ததும் வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், விலை, வந்த நாள் ஆகியவற்றைக் குண்டு குண்டான எழுத்தில் எழுதுவார்கள். சென்ற ஆண்டு சிஸ்டருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு பதிவேட்டின் எழுத்துகள் அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே நூல்களின் விவரம் முழுவதையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்று தலைமையாசிரியை சிஸ்டர் முடிவு செய்தார்கள். அப்பணிக்கு நூலக மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் நால்வர் தேர்ந்தெடுக்கப்பட்டோம். நான் மன்றத்தின் தலைவி.

டிசம்பர் மாதம் தொடங்கி ஜூலை மாதம் வரை, மதிய இடைவேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் அமர்ந்து 6,214 நூல்களின் விவரங்களைத் தட்டச்சு செய்தோம். அதற்கு நாங்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் கோஹா. நியூசிலாந்து நாட்டில் ஹோரோவெனுவா என்னும் பகுதியின் நூலகங்களுக்காக 1999-இல் அது எழுதப்பட்டது. அங்கிருந்த பழைய நூலக மென்பொருள் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வேலை செய்யாது என்று தெரிந்ததால் புதியதை எழுதினார்கள். எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். மௌரி மொழியில் "கோஹா" என்றால் கொடை என்று பொருள். எத்தனை பொருத்தமான பெயர்!

கோஹா தன் விவரங்களையெல்லாம் தானே வைத்துக்கொள்வதில்லை. மரியாடிபி என்னும் தரவுத்தளச் சர்வரிடம் கொடுத்து வைக்கிறது. தரவுத்தளம் என்பதை நம் நூற்பதிவேட்டைப் போலவே நினைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் பத்திகளும் வரிசைகளும் இருப்பதைப் போல அதிலும் அட்டவணைகள் உண்டு. இவ்வாறு எல்லாவற்றையும் அட்டவணைகளாக அமைக்கலாம் என்று 1970-இல் எழுதியவர் எட்கர் காட் என்னும் அறிஞர். சர்வர் என்பது அந்த அட்டவணைகளைக் காத்துக்கொண்டு, யார் எப்போது எந்த விவரத்தைக் கேட்டாலும் எடுத்துப் பரிமாறுவதற்காக விழித்துக் காத்திருக்கும் ஒரு நிரல். ஓட்டல் சர்வருக்கும் அதற்கும் பெயரில் மட்டுமல்ல, தொழிலிலும் ஒற்றுமை இருக்கிறது. மரியாடிபி என்னும் பெயர் வந்த கதையும் இனிமையானது. மைக்கேல் விடேனியஸ் என்னும் பின்லாந்துக்காரர் 1995-இல் நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கிய தரவுத்தளத்திற்குத் தம் மூத்த மகள் "மை"யின் பெயரால் மைஎஸ்க்யூஎல் என்று பெயரிட்டார். பின்னர் 2009-இல் அதிலிருந்து கிளைத்ததற்கு இளைய மகள் "மரியா"வின் பெயரைச் சூட்டினார். மகள்களின் பெயரில் வீடு கட்டுவோர் நம் ஊரிலும் உண்டு. மென்பொருளுக்கு மகள் பெயரை வைத்த தகப்பனாரை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இப்படி இருக்கையில், ஜூலை மாதக் கடைசியில் நூலகக் கணினி டிக், டிக் என்று ஒலி எழுப்பத் தொடங்கியது. பேருந்து நிலையத்தருகே சிறு கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் வந்து பார்த்தார். "ஹார்டு டிஸ்க் போகப்போகுது சிஸ்டர்" என்றார். கணினியை முறைப்படி நிறுத்தி, எங்கள் தரவுகள் இருந்த உறையை ஒரு சிறிய கையடக்க வட்டில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த வாரம் வேறொரு கணினி வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதில் லினக்ஸையும் கோஹாவையும் மரியாடிபி சர்வரையும் புதிதாக நிறுவினார். "சர்வர் நல்லா ஓடுது. ஆனா உள்ளே இன்னும் ஒண்ணும் இல்லை. திங்கட்கிழமை வந்து பழைய தரவை நானே ஏத்திடுறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லி, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிச் சிஸ்டரிடம் கொடுத்தார். சிஸ்டர் அதைப் படிக்க முடியாமல் என்னிடம் தந்தார்கள். "தலைவி வச்சிருக்கட்டும்" என்றார்கள். கையடக்க வட்டும் என் பொறுப்பிலேயே இருந்தது.

ஆகஸ்டு 12-ஆம் நாள் நூலகர் தினம். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதனின் பிறந்த நாள் அது. 1892-இல் சீர்காழியில் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்றவர். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை நூலகத்திற்குரிய ஐந்து விதிகளில் ஒன்றாக 1931-இல் வகுத்தவர். அந்த நாளில் கணினி நூலகத்தைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. இவ்வாண்டு அது புதன்கிழமை.

சனிக்கிழமை எங்களுக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. வகுப்பு முடிந்ததும் நான் மட்டும் நூலகத்திற்குச் சென்றேன். என் மனத்தில் என்ன இருந்தது என்பதை உண்மையாகவே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் வந்து கணினியைத் திறக்கும்போது 6,214 நூல்களும் அதில் இருக்க வேண்டும். "யார் செய்தது?" என்று அவர்கள் வியக்க வேண்டும். "நான்தான் சிஸ்டர்" என்று நான் சொல்ல வேண்டும். உதவி செய்யும் ஆசை பாதி. பெயர் வாங்கும் ஆசை பாதி. இரண்டில் எது அதிகம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, லினக்ஸில் "ரூட்" என்று சொல்லப்படும் தலைமைப் பயனரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். சர்வரை நிறுத்தினேன். அதன் காலி உறைக்கு வேறு பெயர் கொடுத்து ஒதுக்கி வைத்தேன். வட்டிலிருந்த பழைய உறையை அந்த இடத்தில் பிரதி செய்தேன். பிரதி முடிந்தபோது வேன் ஓட்டுநர் ஒலி எழுப்பினார். சர்வரை மீண்டும் ஓடவிட்டுச் சோதிக்காமலே கணினியை அணைத்துவிட்டு ஓடினேன்.

திங்கட்கிழமை காலை சிஸ்டரும் என் தோழியர் மூவரும் சூழ்ந்து நிற்க, கணினி திறக்கப்பட்டது. கோஹாவின் பக்கம் வரவில்லை. தரவுத்தளத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு செய்திதான் வந்தது. சர்வரின் நிலையைக் கேட்டுப் பார்த்தோம். சிவப்பு எழுத்தில் "ஃபெயில்டு" என்று பதில் வந்தது. என் நெஞ்சு திக்கென்றது. "அண்ணன் ஓடுதுன்னு சொன்னாரே!" என்றாள் ஒரு தோழி. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்தது காரணமாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செய்தி தலைமையாசிரியை சிஸ்டருக்குச் சென்றது. அந்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தார்கள். தம் தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை மாலைதான் வர முடியும் என்றும் அவர் சொன்னார். "வெள்ளிக்கிழமை வச்சது திங்கட்கிழமை எழுந்திருக்கலைன்னா வேலையில ஏதோ கோளாறு. மீதிப் பணத்தை இப்போ கொடுக்க வேண்டாம். வேற ஆளைப் பார்ப்போம்" என்று தலைமையாசிரியை சிஸ்டர் அலுவலகத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்குத் தர வேண்டியிருந்தது 3,000 ரூபாய். தாயாரை மருத்துவமனையில் வைத்திருப்பவருக்கு 3,000 ரூபாய் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

எப்படியாவது நானே சரிசெய்துவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எண்ணி, அன்று காலை இடைவேளையில் மீண்டும் கணினியின் முன் அமர்ந்தேன். சர்வரை எழுப்பும் கட்டளையை ஏழு முறை கொடுத்தேன். ஏழு முறையும் அதே சிவப்பு எழுத்து. எழாத பிள்ளையை ஏழு முறை உலுக்குவதால் அதன் காய்ச்சல் போய்விடுமா? பிறகு எனக்குத் தெரிந்த இரண்டைச் சோதித்தேன். வட்டில் இடமில்லாவிட்டால் சர்வர் எழாது. இடம் ஏராளமாக இருந்தது. மரியாடிபி வழக்கமாக 3306 என்னும் எண்ணுள்ள வாசலில் காத்திருக்கும். அந்த வாசலில் வேறொரு நிரல் முன்பே அமர்ந்துவிட்டாலும் எழாது. அங்கும் யாரும் இல்லை.

நூலகம் ஒழுங்கு செய்யும் பணிக்காக அன்று மதியம் எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. என் தோழி ஓர் ஆலோசனை சொன்னாள். "முழுசா எடுத்துட்டு மறுபடியும் புதுசா வச்சிடலாம். எங்க வீட்டுல எங்க அண்ணன் எதுக்கும் அதைத்தான் செய்வான்" என்றாள். நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். எல்லாத் தரவுத்தளங்களையும் சேர்த்து அழித்துவிடலாமா என்று கணினி கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். "ஆம்" என்றால் சர்வர் புதிதாக எழுந்துவிடும். அத்துடன் சனிக்கிழமை நான் செய்ததன் சுவடும் அழிந்துவிடும். அந்த இரண்டாவது எண்ணம் வந்தபோது எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்தது. வட்டில் இருந்த மூலப் பிரதி முழுமையானதுதானா என்பதும் எனக்குத் தெரியாது. எட்டு மாத உழைப்பு ஒரு விரலின் நுனியில் நின்றது. அந்நேரம் கோயில் மணி ஒலித்தது. பன்னிரண்டு மணி மூவேளைச் செபத்திற்காக எல்லோரும் எழுந்து நின்றோம். செபம் முடிந்து அமர்ந்தபோது என் விரல் "ஆம்" பக்கம் போகவில்லை. நீக்கும் வேலையையே பாதியில் கைவிட்டேன்.

அன்று இரவு தாத்தாவின் அருகில் அமர்ந்து, "தாத்தா, காலையில் ஓட்டலைத் திறக்க முடியாமல் போனதுண்டா?" என்று கேட்டேன். நான் செய்ததைச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் கேட்டேன்.

"ஒரு நாள் அப்படி ஆச்சு தாயி" என்றார் தாத்தா. "காலையில நாலு மணிக்குப் போறோம். அடுப்பு இருக்கு, தண்ணி இருக்கு, ஆளும் இருக்கு. ஆனா சரக்கறை பூட்டியிருக்கு. மாஸ்டர் கையில இருக்கிற சாவி அந்தப் பூட்டுக்குச் சேரலை. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பூட்டை உடைங்கன்னு ஒருத்தர், கதவைப் பெயருங்கன்னு இன்னொருத்தர். கடைசியில நான்தான் ராக்காவல்காரரைக் கூப்பிட்டு, ராத்திரி என்ன நடந்ததுன்னு கேட்டேன். முதலாளி வந்து பழைய பூட்டை எடுத்துட்டுத் தன் பூட்டைப் போட்டுட்டுப் போனாருன்னு சொன்னார். முதலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். அஞ்சு நிமிஷத்துல கதவு திறந்தது. எதையும் உடைக்கறதுக்கு முன்னால, பார்த்தவங்கிட்ட கேக்கணும்."

நான் வெகு நேரம் தூங்கவில்லை. எங்கள் சர்வருக்கும் ஒரு ராக்காவல்காரர் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் தான் செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் "லாக்" என்னும் குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதி வைக்கிறது. சிவப்பு எழுத்தில் வந்த செய்தியே அந்தக் குறிப்பேட்டைப் பார் என்றுதான் சொல்லியிருந்தது. நான் "ஃபெயில்டு" என்னும் ஒரு சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வழிபாட்டுக்கு முன்பே நூலகம் சென்று குறிப்பேட்டைத் திறந்தேன். வரிகள் பல இருந்தன. கடைசி வரியை விட்டு, "எரர்" என்று வரும் முதல் வரியைத் தேடினேன். ஏனெனில் முதல் பிழைதான் தாய். பின்னால் வருபவை அதன் பிள்ளைகள். அந்த வரியில் பிழை எண் 13 என்றும் "பெர்மிஷன் டினைடு" என்றும் இருந்தது. அனுமதி மறுக்கப்பட்டது! அதற்குக் கீழே, "ஐபிடேட்டா1" என்னும் முக்கியக் கோப்பில் தன்னால் எழுத முடியவில்லை என்றும் சர்வர் முறையிட்டிருந்தது. அந்த உறையிலிருந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. மரியாடிபி சர்வர் "மைஎஸ்க்யூஎல்" என்னும் பயனர் பெயரில் வேலை செய்வது. ஆனால் எல்லாக் கோப்புகளின் எதிரிலும் உரிமையாளர் பெயர் "ரூட்" என்று இருந்தது. அதன் பக்கத்தில் சனிக்கிழமையின் தேதி. நேரம் 12 மணி 40 நிமிடம்.

எல்லாம் விளங்கிவிட்டது. ரூட் அதிகாரத்தோடு பிரதி செய்ததால் புதிய பிரதி முழுவதும் ரூட்டின் பெயரில் பதிவாகிவிட்டது. முதலாளி தன் பூட்டைப் போட்ட சரக்கறைதான் அது. உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தும், பரிமாற வேண்டியவனால் கதவைத் திறக்க முடியவில்லை. அண்ணன் நிறுவியதில் ஒரு குறையும் இல்லை.

சரிசெய்யும் வழியும் எனக்குத் தெரிந்தது. உரிமையாளரை மாற்றுவதற்கு "சௌன்" என்று ஒரு கட்டளை உண்டு. ஒரே வரி. தட்டினால் அரை நிமிடத்தில் சர்வர் எழுந்துவிடும். வழிபாட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நூலகத்தில் யாரும் இல்லை. நான் சரிசெய்துவிட்டால் பள்ளி முழுவதும் என்னைப் பாராட்டும். "அந்த ஆள் கெடுத்ததை நம்ம பிள்ளை சரிபண்ணிட்டா" என்பார்கள். அந்த அண்ணனுக்கு மட்டும் 3,000 ரூபாயும் போகும், பெயரும் போகும்.

தோழியரே, அந்தப் பத்து நிமிடம் என் வாழ்க்கையிலேயே நீண்ட பத்து நிமிடம். கட்டளையைத் தட்டினேன், அழித்தேன். மறுபடியும் தட்டினேன், மறுபடியும் அழித்தேன். பின்னர் கணினியை அப்படியே விட்டுவிட்டு, சிற்றாலயத்திலிருந்து வந்துகொண்டிருந்த நூலகச் சிஸ்டரிடம் ஓடினேன். பாதி அழுகையும் பாதிப் பேச்சுமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

சிஸ்டர் கோபப்படவில்லை. என்னை நூலகத்திற்கு அழைத்துச் சென்று பழைய நூற்பதிவேட்டைத் திறக்கச் சொன்னார்கள். "அதுல சிவப்புக் கோடு எத்தனை இருக்கு, பாரு" என்றார்கள். சில வரிகளின் மேல் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் நாளும் காரணமும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"கிழிஞ்சு போன புத்தகம், தொலைஞ்சு போன புத்தகம், நான் தப்பா எழுதினது, எல்லாத்துக்கும் இந்தக் கோடுதான். பதிவேட்டுல அழிக்கக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. அடிச்சது என்னன்னு அடியில தெரியணும். யார் அடிச்சாங்கன்னும் தெரியணும். தப்பு பண்ணாத பதிவேடு எங்கேயும் இல்லை பிள்ளை. தப்பை மறைச்ச பதிவேட்டை மட்டும்தான் யாரும் நம்ப முடியாது" என்றார்கள். பிறகு மெதுவாக, "இதை என்கிட்டே சொன்னா போதாது. அலுவலகத்துல சொல்லணும். அந்தத் தம்பிகிட்டேயும் சொல்லணும்" என்றார்கள்.

தலைமையாசிரியை சிஸ்டர் நான் சொன்னதைக் கேட்டு முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு என் முன்னாலேயே அந்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, "உங்க வேலையைத் தப்பா நினைச்சுட்டோம். மன்னிக்கணும்" என்று சொன்னார்கள். என் பிழைக்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தபோது, என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாலையில் அவர் வந்தார். நான் தலைகுனிந்து நின்று, "மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நானும் முதன்முதல்ல இதே தப்பைப் பண்ணியிருக்கேன் பாப்பா. தொடாதீங்கன்னு மட்டும் சொன்னேன். ஏன் தொடக் கூடாதுன்னு சொல்லலை. அது என் தப்பு" என்றார். பின்பு வேலையை வரிசையாகச் செய்தார். எதையும் மாற்றுவதற்கு முன், கையடக்க வட்டிலிருந்த மூலம் நலமாக இருக்கிறதா என்று பார்த்து அதற்கு இன்னொரு பிரதி எடுத்தார். "பழைய கணினியில சர்வரை முறையா நிறுத்தின பிறகுதான் இதை எடுத்தேன். ஓடிக்கிட்டிருக்கும்போது எடுத்திருந்தா பாதி எழுதின நிலையில இருந்திருக்கும். அப்போ உரிமையாளரை மாத்தினாலும் எழுந்திருக்காது" என்று விளக்கினார். அதன் பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, "நீயே தட்டு" என்றார்.

காலையில் இருமுறை தட்டி அழித்த அதே வரியை, இம்முறை நான்கு பேர் பார்க்க மூன்றாம் முறையாகத் தட்டினேன். உறையும் அதனுள் இருந்த கோப்புகள் அனைத்தும் மைஎஸ்க்யூஎல் பயனரின் பெயருக்கு மாறின. சர்வரை எழுப்பினேன். பச்சை எழுத்தில் "ரன்னிங்" என்று வந்தது. புதிய பதிப்புக்கு ஏற்ப உள் அட்டவணைகளைச் சரிசெய்யும் கட்டளையையும் அண்ணன் கொடுக்கச் சொன்னார். நாங்கள் கைதட்டப் போனோம். அவர் தடுத்தார். "எழுந்துட்டா போதுமா? வச்ச சாமான் எல்லாம் இருக்கான்னு எண்ண வேண்டாமா?" என்றார்.

நூல்களின் எண்ணிக்கையைக் கணினியிடம் கேட்டோம். 6,214 என்றது. சிஸ்டரின் பதிவேட்டில் கடைசி எண் 6,231. ஒரு கணம் எல்லோர் முகமும் வாடிவிட்டது. சிஸ்டர் மட்டும் புன்னகையோடு, "சிவப்புக் கோட்டை எண்ணுங்க" என்றார்கள். மூன்று பதிவேடுகளையும் புரட்டி எண்ணினோம். சரியாக 17 கோடுகள். கணக்கு நேரானது. சிஸ்டர் அவற்றை அழித்திருந்தால் அந்த 17 நூல்கள் எங்கே போயின என்று நாங்கள் இன்றுவரை தேடிக்கொண்டிருப்போம்.

அண்ணனுக்கு மீதிப் பணம் அன்றே கொடுக்கப்பட்டது. கடவுச்சொல் அரையாண்டுத் தேர்வு வரை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப்பட்டது. அது நியாயமான தண்டனை என்று என் பெற்றோரும் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் நூலகர் தின விழாவில் தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார்கள். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற பெண்மணி ஒரு கன்னியராம்! சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்னும் அவர் 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்று, பின்னர் அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, அதனை இருபது ஆண்டுகள் நடத்தி, 1985-இல் மறைந்தவர். அதைக் கேட்டபோது நான் எங்கள் நூலகச் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களுக்குக் கணினியை இயக்கத் தெரியாது. ஆனால் லாக் என்பது என்ன, அதை ஏன் அழிக்கக் கூடாது என்பதை 31 ஆண்டுகளாகச் சிவப்பு மையால் எழுதி வந்தவர்கள் அவர்கள்தாம்.

முதல் நூலைக் கணினியில் தேடித் தரும் வாய்ப்பு ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கிடைத்தது. அவள் பெயரைத் தட்டியதும் நூல் இருக்கும் அலமாரியின் எண் உடனே வந்தது. அவள் துள்ளிக்கொண்டு ஓடினாள். சிஸ்டரும் அவள் பின்னால் மெல்ல நடந்து சென்று, கணினி சொன்ன இடத்தில் நூல் இருக்கிறதா என்று தம் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அன்புத் தோழியரே! நீங்களும் ஒரு நாள் ஏதேனும் ஒரு சர்வர் எழாமல் தவிப்பீர்கள். அப்போது அதை ஏழு முறை உலுக்காதீர்கள்; அழித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். குறிப்பேட்டைத் திறந்து முதல் பிழையைப் படியுங்கள். அதில் உங்கள் பெயரே எழுதியிருந்தால், பத்து நிமிடம் யோசிக்காமல் உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் வீணாக்கிய அந்தப் பத்து நிமிடம் உங்களுக்காவது மிஞ்சட்டும்.